தப்பியவன் கணக்கு எங்கே?

"சாவதற்கு வேற வண்டி கிடைக்கலையா வே?"

நாகர்கோவிலில் சைக்கிள் மிதிக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது காதில் வாங்காதவர் இருக்க மாட்டார்.

கேட்டவர் பஸ் டிரைவராக இருப்பார். காரில் வந்தவராக இருப்பார். புது மோட்டார் சைக்கிள் வாங்கிய இளவட்டமாகவும் இருப்பார். கேட்கப்பட்டவர் ரோட்டில் விழுந்து கிடப்பார். அவருடைய தலைக்கும் பஸ் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கும்.

அதற்குள் நாலு பேர் ஓடி வருவார்கள். "ஒண்ணும் ஆகலியே அண்ணாச்சி?" என்று தூக்கி விடுவார்கள். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் வரும். விழுந்தவர் வேட்டியைத் தட்டிக் கொள்வார். கோணிப் போன ஹேண்டில்பாரை நேராக்க, முன் சக்கரத்தைக் கால் முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக் கொண்டு ஒரு திருப்புத் திருப்புவார். கை நடுங்கும். "பைய போங்க" என்று யாராவது சொல்வார்கள். ஏறி மிதித்துப் போய் விடுவார்.

பஸ்சும் போய் விடும். கூட்டமும் கலைந்து விடும். ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை!

அவர் செத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

போலீஸ் வந்திருக்கும். 108 வந்திருக்கும். ரோட்டில் கோடு போட்டு அளந்திருப்பார்கள். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிக் கொடுத்து 2021 முதல் நாடு முழுவதும் போலீசார் கையில் இருக்கும் "ஐராட்" என்ற விபத்துப் பதிவேட்டில், இடம், நேரம், ரோட்டின் நிலை, வண்டியின் வகை எல்லாம் ஏறியிருக்கும். மூன்று நான்கு பேர் ஒரே இடத்தில் செத்தால், "விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்" என்று ஒரு போர்டும் நட்டிருப்பார்கள்.

பிழைத்துப் போனதால் எந்தக் கணக்கிலும் அவர் இல்லை.

நாம் கேட்க விரும்புவது இதைத்தான். செத்தவனுக்கும் தப்பியவனுக்கும் வித்தியாசம் ஒரு சாண். நடந்தது ஒன்றே. பள்ளமும் அதே பள்ளம், திருப்பமும் அதே திருப்பம். அப்படியிருக்க, ஒருவன் சாகும் வரை அந்தப் பள்ளத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று சட்டமா?

அதிர்ஷ்டமா?

"அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினார்" என்று எழுதுவது வழக்கம். அதிர்ஷ்டத்தின் தலையில் பாரத்தைப் போட்டு விட்டால் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகிறது. ஆனால் டவுனுக்குள் சைக்கிள்காரர் விழுவதற்கும் காரணம் உண்டு, பிழைப்பதற்கும் காரணம் உண்டு. இரண்டையும் கொஞ்சம் பார்ப்போம்.

சைக்கிள்காரர் தானாக நடு ரோட்டுக்கு வருவதில்லை. ஓரத்தில் போகத்தான் அவருக்கும் ஆசை. ஓரம் எங்கே இருக்கிறது? தார் போட்ட மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து விட்டது. ஓரத்து மண் இறங்கி விட்டது. பல இடங்களில் தார் முடிகிற இடத்தில் அரை அடி இறக்கம். பின்னால் ஹாரன் அடித்தால் சைக்கிள் கீழே இறங்கும். மறுபடி ஏற முயலும்போது முன் சக்கரம் தாரின் விளிம்பில் உரசிக் கொண்டே ஓடும், ஏறாது. சக்கரம் அங்கே நிற்க, உடம்பு மட்டும் ரோட்டுப் பக்கம் சாயும். வலது பக்கமாக, வண்டிகள் வருகிற பக்கமாகவே விழுவார்.

விளிம்பு சரியாக இருக்கும் இடத்தில் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அல்லது கார் நிற்கும். காருக்குள் இருப்பவர் பின்னால் பாராமல் கதவைத் திறப்பார். அந்தக் கதவுக்குச் சைக்கிள் பிரேக் என்ன செய்யும்? பாதாள சாக்கடைக்குத் தோண்டிய இடம், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய இடம், மூடிய பிறகு மழையில் இறங்கிய இடம் எல்லாம் சேர்ந்தால் ஓரம் என்பது பெயருக்குத்தான்.

அடுத்து, பஸ் திரும்புகிற விஷயம். இது எல்லா சைக்கிள்காரர்களும், அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்து கொள்ள வேண்டியது.

நீளமான வண்டி இடது பக்கம் திரும்பும்போது, முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போவதில்லை. உள்பக்கமாக வெட்டிக் கொண்டு வரும். திருப்பம் கூர்மையாக இருந்தால் மூன்று நான்கு அடிகூட உள்ளே வந்து விடும். முன் சக்கரம் தாண்டி விட்டதே என்று சைக்கிள்காரர் நினைப்பார். பஸ்சின் பக்கவாட்டுச் சுவர் மெல்ல மெல்ல அவரை நெருக்கும். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலது பக்கம். இடது பக்கக் கண்ணாடியில், படிக்கட்டில் தொங்கும் கூட்டத்தைத் தாண்டி, தாழ உள்ள ஒரு சைக்கிள் தெரிவது கஷ்டம். கண்டக்டர் விசில் அடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே திரும்பப் போகிற பஸ்சுக்கும் நடைபாதைக்கும் நடுவில் சைக்கிளை நுழைக்கவே கூடாது. அவசரமானாலும் பின்னால் நிற்பதுதான் உயிருக்கு நல்லது.

இது டிரைவர்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதியது அல்ல. காலையிலிருந்து இரவு வரை வடசேரிக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவருக்குப் பத்துக் கண் இருந்தாலும் போதாது.

நெரிசல் காப்பாற்றுகிறது!

விழுந்தவர் ஏன் பிழைக்கிறார் என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது.

மணிமேடையிலும் வேப்பமூட்டிலும் கோட்டாற்றிலும் விழுகிறவர்கள் பெரும்பாலும் எழுந்து போகிறார்கள். காரணம் நம் டவுனின் நெரிசல். வண்டிகள் ஊர்ந்து போகின்றன. ஊர்ந்து போகிற வண்டி சட்டென்று நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடி விடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு வினாடி ஆகும். பிறகு பிரேக் பிடித்து நிற்பதற்குள், நல்ல ரோட்டில், நல்ல டயரில், மொத்தம் 35 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அதே வண்டி 40-ல் வந்தால் சுமார் 20 மீட்டரில் நின்று விடும். அந்த 15 மீட்டர்தான் நாம் அதிர்ஷ்டம் என்று சொல்வது.

ஆகவே நெரிசலில் விழுந்தவன் பிழைக்கிறான். ரோட்டை அகலப்படுத்தி, வேகம் கூடிய பிறகு விழுந்தவன் பிழைப்பது அபூர்வம். ரோட்டை அகலப்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. அகலப்படுத்தும்போது வேகத்துக்கும் சைக்கிளுக்கும் ஒரு வழி சொல்லிவிட்டு அகலப்படுத்துங்கள் என்கிறோம். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் வந்து, 2019-ல் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. பெரிய வண்டிகளுக்கு நேரம் மிச்சம், நல்ல காரியம். ஆனால் கல்லும் ஜல்லியும் ஏற்றிக் கேரளத்துக்கு ஓடும் டாரஸ் லாரியும், பள்ளிக்கூடப் பையனின் சைக்கிளும் ஒரே ரோட்டில் உரசிக் கொண்டு போகிற நிலைமையை எந்தப் பாலமும் மாற்றவில்லை.

நமது ரோடுகளின் வயதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மணிமேடை 1893-ல் எழுந்தது. அன்றைக்கு அதைச் சுற்றி ஓடியவை மாட்டு வண்டியும் குதிரை வண்டியும். திருவிதாங்கூர் அரசு தன் பஸ் போக்குவரத்தை 1938 பிப்ரவரியில் தொடங்கியபோது, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு நம் ஊர் வழியாகத்தான் முதலில் ஓட்டியது. அந்த நாளில் போதுமாக இருந்த அகலம்தான் பல இடங்களில் இன்றைக்கும். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். நகரசபை 2019-ல் மாநகராட்சி ஆயிற்று. 2011 கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் ஜனம். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி நெருக்கமாக மனிதர்கள் வாழ்கிற மாவட்டம் நம்முடையது. ஊர் வளர்ந்தது, ரோட்டோரம் வளரவில்லை.

யார் மிதிக்கிறார்கள்?

"இப்போ யாரு சைக்கிள்ல போறா? எல்லாரும் ஸ்கூட்டருக்கு மாறியாச்சே" என்று சிலர் சொல்லக் கூடும்.

விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்து வந்து பாருங்கள். பால்காரர் சைக்கிளில் வருகிறார். பேப்பர் போடுகிற பையன் சைக்கிளில் வருகிறான். மீன் கூடை கட்டிய சைக்கிள் கடற்கரையிலிருந்து வருகிறது. வாழை இலைக் கட்டு ஏற்றிய சைக்கிள் வடசேரி சந்தைக்கு வருகிறது. இரவு டியூட்டி முடிந்த வாட்ச்மேன் வீட்டுக்குப் போகிறார். வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்த தொழிலாளி, பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, சாப்பாட்டுத் தூக்கைத் தொங்க விட்டுக் கொண்டு போகிறார். எட்டரை மணி ஆனதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள்! 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் என்று விரிந்த திட்டம் அது.

அரசாங்கம் சைக்கிளைக் கொடுத்து விட்டது. அதை ஓட்டிப் போவதற்கு ஒரு மீட்டர் இடத்தைக் கொடுக்க மறந்து விட்டது.

ஒரு காலத்தில் சைக்கிள்காரர் கணக்கில் இருந்தார். நகரசபைக்கு வருஷா வருஷம் சைக்கிள் வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டும். விளக்கு இல்லாமல் போனால் கேஸ். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் வால்டியூபைப் பிடுங்கிக் கொண்டு உருட்டிப் போகச் சொல்வார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அவனைப் பிடிக்கவாவது ஒருவர் பார்த்துக் கொண்டு நின்றார்! வரி போனது. அத்துடன் கவனிப்பும் போனது.

இன்னொரு வேடிக்கை உண்டு. காஷ்மீரில் தொடங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நம் கன்னியாகுமரியில் வந்து முடிகிறது. அத்தனை தூரமும் சைக்கிள் மிதித்து வருகிற இளைஞர்களுக்கு முனையில் மாலை, சால்வை, போட்டோ. சந்தோஷம்தான். சுசீந்திரத்திலிருந்து கோட்டாற்றுக்குத் தினமும் மிதித்து வந்து, சேதமில்லாமல் வீடு திரும்புகிற கணக்குப்பிள்ளைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

டெல்லியில் நடந்தது

விழுந்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் பேசுவதில்லை. வேலைக்கு நேரமாகி விடும். வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள். அப்படி அடிபட்டவர்களில், பேசவும் எழுதவும் இடம் உள்ள ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம்.

டெல்லியில் அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தின் தலைவர் சுனிதா நாராயண். பத்மஸ்ரீ விருது பெற்றவர். கார்களின் புகைக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர். 2013 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் வீட்டிலிருந்து லோதி தோட்டத்துக்குச் சைக்கிளில் புறப்பட்டார். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு கார் வேகமாக வந்து மோதியது. நிற்காமல் போய் விட்டது.

வழியில் போன முகம் தெரியாதவர்கள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். முகத்திலும் கையிலும் எலும்பு முறிவு. ஆபரேஷன் நடந்தது. பிழைத்தார்.

கவனியுங்கள். நெரிசல் நேரத்தில் அல்ல. ரோடு காலியாகக் கிடந்த நேரத்தில் நடந்தது இது. காலி ரோட்டில் வேகம் கூடும் என்று மேலே சொன்னோமே, அந்தக் கணக்குதான் அங்கேயும்.

பிழைத்து எழுந்தவர் சும்மா இருக்கவில்லை. தன் பத்திரிகையில் எழுதினார். தன்னை மோதியவனைத் திட்டுவதோடு நிறுத்தவில்லை. சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் ரோட்டில் இடமே வைக்காமல் காருக்காக மட்டும் நகரங்களைக் கட்டுவதுதான் கோளாறு என்று எழுதினார். நாடெங்கும் பேசினார்கள். நடந்தது நாராயணுக்கு என்பதால் பேசினார்கள். அதே ரோட்டில் அதே வாரத்தில் ஒரு பால்காரர் விழுந்திருந்தால்?

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்தில் 1,68,491 பேர் மாண்டார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்குத்தான் முதல் இடம்: 64,105. இங்கே செத்தவர்கள் 17,884 பேர். சைக்கிளில் போய்ச் செத்தவர்கள் மட்டும் நாட்டில் ஆண்டுக்கு நாலாயிரத்துக்கும் மேல். இவை எல்லாம் செத்தவர் கணக்கும், போலீசுக்கு வந்த கணக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பி நேராக்கிக் கொண்டு போனவர்கள் இதில் எங்கே?

விமானக்காரர்கள் புத்தி

தப்பியவன் சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ரோட்டை விட்டு ஆகாயத்தில் நடந்த ஒரு சம்பவம் உண்டு.

1974 டிசம்பர் 1. அமெரிக்காவில் வாஷிங்டன் விமான நிலையத்தில் இறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. கம்பெனி விமானம் மலையில் மோதியது. 92 பேரும் மாண்டார்கள். விசாரணையில் ஒரு விஷயம் வெளி வந்தது. அதற்கு ஆறு வாரம் முன்பு, வேறு ஒரு கம்பெனியின் விமானம் அதே மலையில் மோதப் பார்த்து மயிரிழையில் தப்பியிருந்தது! அந்தக் கம்பெனி தன் விமானிகளுக்கு மட்டும் எச்சரிக்கை கொடுத்தது. மற்றக் கம்பெனிக்காரர்களுக்குச் செய்தி போகவில்லை.

தப்பியவன் சொன்னது ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் 92 உயிர் மிஞ்சியிருக்கலாம். அமெரிக்க அரசாங்கம் புத்தி தெளிந்து 1976-ல் ஓர் ஏற்பாடு செய்தது. விமானி, சிப்பந்தி யாரானாலும் "இன்ன இடத்தில் விபத்து நடக்கப் பார்த்தது" என்று எழுதிப் போடலாம். பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். அந்த ஏற்பாடு இன்றைக்கும் நடக்கிறது.

தொழிற்சாலைகளில் இந்தப் பேச்சு இன்னும் பழையது. ஹென்ரிச் என்ற அமெரிக்க இன்சூரன்ஸ்காரர் 1931-லேயே ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு பெரிய காயத்துக்கு 29 சிறு காயம், காயமே இல்லாமல் தப்பியவை 300. இந்த எண்ணிக்கையோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. போடட்டும். ஒரு சாவுக்கு முன்னால் அதே இடத்தில் பல பேர் விழுந்து எழுந்திருப்பார்கள் என்பதை நம்ப, எந்தக் கடைக்காரருக்கும் இன்சூரன்ஸ்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஆமாம், கடைக்காரர்! அவர்தான் இந்த விஷயத்தில் பெரிய நிபுணர். தன் கடை வாசலில் எத்தனை பேர் விழுந்தார்கள், எந்தப் பள்ளத்தில் விழுந்தார்கள், மழை பெய்தால் எந்த மூடி வழுக்கும், எந்த நேரத்து பஸ் ஒடித்துத் திரும்பும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தண்ணீர் கொடுத்தது அவர்தானே? அவரிடம் யாராவது போய்க் கேட்டது உண்டா?

மாநகராட்சியும் போக்குவரத்துப் போலீசும் சேர்ந்து இதைச் செய்யலாம். பெரிய செலவு கிடையாது. வடசேரி, ஒழுகினசேரி, மணிமேடை, வேப்பமூடு, செட்டிகுளம், மீனாட்சிபுரம், கோட்டாறு என்று முக்கியமான இடங்களில் ஒரு நோட்டு வைக்கட்டும். விழுந்தவர் பெயர் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம், கேஸ் வேண்டாம். எந்த இடம், எத்தனை மணி, எதனால் என்று மூன்று விவரம் போதும். பெயர் எழுத வேண்டாம் என்றால் ஜனம் தயங்காமல் சொல்லும். மாதம் ஒரு தடவை ஓர் என்ஜினீயர் அந்த நோட்டைப் புரட்டட்டும். ஒரே இடம் ஐந்து தடவை வந்தால் அங்கே போய் நின்று பார்க்கட்டும். பாதிக் கோளாறு ஒரு லோடு மண்ணிலும் ஒரு சட்டி தாரிலும் தீர்ந்து விடும்.

மீதிக் கோளாறுக்கு மனசு வேண்டும். ரோட்டோரத்தில் வண்டி நிறுத்துவதை ஒழுங்கு செய்ய வேண்டும். அதில் கடைக்காரர்களுக்கும் கொஞ்சம் கஷ்டம் வரும். வாடிக்கைக்காரர் வாசலிலேயே வண்டியை நிறுத்தினால்தான் வியாபாரம் என்பது அவர்கள் கட்சி. ஓரம் அடைபட்ட ரோட்டில் சைக்கிளில் வருகிறவரும் வாடிக்கைக்காரர்தான் என்பது நம் கட்சி.

இதெல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும் என்று சிரிக்க வேண்டாம். சைக்கிளுக்குப் பேர் போன ஹாலந்தும் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சுமார் 3,300 பேர் ரோட்டில் செத்தார்கள். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். மகளைப் பறி கொடுத்த ஒரு பத்திரிகைக்காரர் எழுதத் தொடங்க, தாய்மார்கள் ரோட்டில் இறங்கி மறியல் செய்தார்கள். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடும் வந்தது. அதற்குப் பிறகுதான் தனி சைக்கிள் பாதை எல்லாம்.

பாதை போட இடம் இல்லாவிட்டால், முந்துகிற வண்டி விலகிப் போகும் தூரத்தையாவது சட்டத்தில் எழுதலாம். ஜெர்மனியில் டவுனுக்குள் சைக்கிளை முந்தினால் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும்; பிரான்சில் ஒரு மீட்டர். நம் ஊரில் சட்டைக்கை உரசாமல் போனால் மரியாதை!

சைக்கிள்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிர்த் திசையில் வருவது, இருட்டில் விளக்கில்லாமல் வருவது, செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக் கொண்டு மிதிப்பது எல்லாம் கண்கூடு. பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிப்ளக்டர் ஒட்ட ஒரு சினிமா டிக்கெட் காசுகூட ஆகாது. சைக்கிள் கடைக்காரர்கள் பஞ்சர் ஒட்டும்போது இதையும் எடுத்துச் சொன்னால் புண்ணியம்.

அடிபட்டால்?

கடைசியாக, நடைமுறை விஷயம் சில. இதை வெட்டி வைத்துக் கொள்வது நல்லது.

விழுந்தவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வரும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயம் இனி வேண்டாம். உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2016 மார்ச்சில் உத்தரவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு ஏறி விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து விட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போகலாம்.

செலவுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கவும் வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. "நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவச சிகிச்சை. தலையில் அடிபட்டு எழுந்து நடந்தவர்கூட, தலைவலியோ வாந்தியோ மயக்கமோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். உள் ரத்தக் கசிவு உடனே தெரியாது.

மோதியவர் நிற்காமல் ஓடி விட்டால் என்ன செய்வது? மோதிய டிரைவர் வண்டியை நிறுத்தி, அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். சாவு விபத்தில் போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்று புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் எழுதினார்கள். 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் ஸ்டிரைக் செய்யவே, அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்து விட்டு மற்றச் சட்டத்தை 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள்.

ஆனால் வண்டி நம்பர் தெரியாவிட்டாலும் நிவாரணம் உண்டு. இது பலருக்குத் தெரியாது. 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள மத்திய அரசுத் திட்டப்படி, மோதி விட்டு ஓடிய வண்டியால் சாவு நேர்ந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். படுகாயம் என்றால் 50 ஆயிரம் ரூபாய். முன்பு இது 25 ஆயிரமும் 12,500-ம்தான். இதற்குப் போலீசில் புகார் பதிவாகியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆகவே "பரவாயில்லை, போகட்டும்" என்று எழுந்து போகாமல், எலும்பு முறிந்தால் அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதி வையுங்கள்.

மனு கொடுக்க வேண்டிய இடம் வருவாய்த் துறை. நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டங்கள். விபத்து நடந்த இடம் எந்தக் கோட்டமோ, அங்கே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். மனுவோடு பாங்கு பாஸ்புக் முதல் பக்கத்தின் நகல், அடையாள அட்டை நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, முதல் தகவல் அறிக்கை நகல் எல்லாம் எடுத்துப் போக வேண்டும். அங்கே விசாரித்து அனுப்புவார்கள். பணத்தைக் கலெக்டர் அனுமதிப்பார்.